சேதி சுமப்பவர்கள்

எடப்பாடிப் பக்கத்து ஊர்களில் ஒரு சாவு விழுந்தால், முன்பெல்லாம் சேதி சொல்ல ஆள் கிளம்புவார். பஸ் போகும் ஊருக்கு பஸ்ஸில் போவார், போகாத ஊருக்குச் சைக்கிளை மிதிப்பார், மற்ற இடத்துக்கு நடைதான். கொங்கணாபுரம், ஜலகண்டாபுரம், சங்ககிரி, பூலாம்பட்டியில் காவிரியைத் தாண்டி அக்கரையில் நெருஞ்சிப்பேட்டை என்று சொந்தபந்தம் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் ஒருவர் போய் வாசலில் நின்றாக வேண்டும். நின்றதும் எடுத்த எடுப்பில் சொல்லிவிட மாட்டார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், மாசமாயிருக்கும் பெண் யாராவது பக்கத்தில் நிற்கிறாளா, வயதானவர்கள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்ப்பார். வீட்டுப் பெரியவரைத் தனியே கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் சொல்வார். "எப்பங்க எடுக்கறாங்க?" என்ற கேள்விக்கு நேரம் சொல்லிவிட்டு, கொடுத்த வழிச்செலவை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார். கேட்கிறவரின் முகம் மாறுவதைப் பார்க்காமல் யாரும் அந்தச் சேதியைச் சொன்னதில்லை.

இப்போது விடிவதற்கு முன்பே குடும்பக் குழுவில் கண்ணீர் அஞ்சலிப் படம் வந்து விழுகிறது. அதற்கு மேலே முருகன் படத்தோடு ஒரு காலை வணக்கம், கீழே இன்றைய தங்கம் விலை. நடுவே ஒரு மனிதர், தோற்றம் மறைவு தேதிகளோடு சிரித்துக்கொண்டிருக்கிறார். கூப்பிய கைகள் வரிசையாக வருகின்றன. பெங்களூரில் இருக்கும் மகனுக்கும் துபாயில் இருக்கும் மருமகனுக்கும் ஒரே நொடியில் தெரிந்துவிடுகிறது. முகம் பார்க்காமலே கரைந்துபோன எத்தனையோ பிரிவுகளை நினைத்தால், இந்த வேகத்துக்குக் கை கூப்பத்தான் தோன்றுகிறது. கடைசி பஸ் போய்விட்டது என்பதற்காகத் தகப்பனுக்குக் கொள்ளி வைக்க முடியாமல் போனவர்கள் வாழ்ந்த ஊர்கள் இவை.

பழைய வழக்கத்தில் ஒரு கொடுமையும் கலந்திருந்தது. சேதி சுமப்பது பல ஊர்களில் ஒரே சாதியின் தலையில் கட்டப்பட்ட வேலையாக இருந்தது. இழவு சொல்லப் போகிறவரும், தெருத்தெருவாகத் தண்டோரா போடுகிறவரும் விரும்பி அந்த வேலையை எடுக்கவில்லை. சொல்லும் சேதி ஊருக்கு வேண்டும், சொல்கிறவர் மட்டும் திண்ணையில் ஏறக்கூடாது. 2022 ஆகஸ்டில், அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். தொழில்நுட்பம் இவ்வளவு வளர்ந்துவிட்ட காலத்தில் தண்டோரா போடும் வழக்கம் தொடர வேண்டியதில்லை, வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால் போதும் என்பது அதன் சாரம். ஒரு கருவி வந்து ஒரு மனிதனின் கழுத்துப் பாரத்தை இறக்கி வைத்தது. தொழில்நுட்பத்தை அருள் என்று சொல்லத் தகுந்த தருணங்கள் உண்டு; இது அப்படிப்பட்ட ஒன்று.

அந்தப் பாரம் அவர் கழுத்திலிருந்து இறங்கியது. அதோடு கூடவே ஒரு பொறுப்பும் இருந்தது: சொல்லும் முன் முகம் பார்ப்பது, தான் சொல்வது நிஜம்தான் என்று தனக்குத் தெரிந்திருப்பது. அது எங்கே போனது என்று யோசித்தால், எங்கும் போகவில்லை. செல்போன் வைத்திருக்கும் ஒவ்வொருவர் கைக்கும் வந்துவிட்டது. இன்று செய்தி படிப்பவர் வேறு, செய்தி கொண்டுபோகிறவர் வேறு என்று பிரிக்க முடியாது. படித்த கையே அடுத்த கைக்கு அனுப்புகிறது. நாம் எல்லோரும் சேதி சுமப்பவர்கள் ஆகிவிட்டோம்; ஆகிவிட்டோம் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை.

நாளேட்டின் பகுதிநேர நிருபர் இந்தப் பொறுப்பை அறிந்தவர். எடப்பாடி மாதிரியான ஊரில் அவருக்குப் பெரும்பாலும் வேறொரு பிழைப்பும் இருக்கும். நகராட்சிக் கூட்டம், சந்தையில் தகராறு, பள்ளி ஆண்டு விழா, சங்ககிரி ரோட்டில் விபத்து என்று எல்லாவற்றையும் வெள்ளைத்தாளில் எழுதி, கவரில் போட்டு, சேலம் போகும் பஸ் கண்டக்டர் கையில் கொடுப்பார் அந்த நாளில். புதிய பேருந்து நிலையத்தில் பத்திரிகை அலுவலக ஆள் வந்து கவரை வாங்கிக்கொள்வார். அச்சில் வந்த வரிகளுக்குத்தான் காசு. கவர் பஸ் ஏறிய பிறகும் செய்தி அவர் மனதைவிட்டு இறங்காது. பெயரைச் சரியாக எழுதினோமா, ஸ்டேஷனில் சொன்னதும் ஆஸ்பத்திரியில் சொன்னதும் ஒத்துப்போனதா என்று அரித்துக்கொண்டே இருக்கும். அங்கே மேசையில் இருக்கும் உதவி ஆசிரியர் போன் போடுவார்: "ஏப்பா, இறந்தவர் பேரு பெருமாளா, பெருமாள்சாமியா? இன்னொரு வாட்டி ஸ்டேஷன்ல கேட்டுட்டுச் சொல்லு." ஒரு எழுத்துக்காக அவர் மறுபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். கவருக்குப் பிறகு ஃபேக்ஸ் வந்தது, மின்னஞ்சல் வந்தது, வாட்ஸ்அப் வந்தது. இப்போது 108 வண்டி வந்து சேரும் முன்பே அடிபட்டவரின் படம் ஊர்க் குழுக்களில் சுற்றுகிறது. அவருடைய மனைவி அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

செய்தி வேகமாகப் போவது பற்றி எனக்குக் குறையில்லை. அந்தச் சேலம் பஸ்ஸின் இரண்டு மணி நேரத்தில் ஒரு மனசாட்சி வேலை செய்துகொண்டிருந்தது. அதற்கு இன்று யார் நேரம் ஒதுக்குகிறார்கள் என்பதுதான் என்னை விடாமல் தொடரும் கவலை.

இந்த ஊரைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. 2017 பிப்ரவரியில் எடப்பாடி கே. பழனிசாமி முதலமைச்சரானார். அன்றிலிருந்து மணிக்கொரு முறை ஊரின் பெயர் தொலைக்காட்சிகளில் ஒலித்தது. சேலத்துக் கேபிளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் போன பாலிமர் முதல் டெல்லிச் சேனல்கள் வரை எல்லாரும் உச்சரித்தார்கள். ஆனால் நூல் விலை ஏறினால் இங்கே எத்தனை தறிக்காரர் வீட்டில் அடுப்பு தணியும், சரபங்கா நதியில் என்ன கலக்கிறது, இரவு ஷிப்ட் முடித்து வருகிற பெண் எந்தத் தெருவிளக்கை நம்பி நடக்கிறாள் என்பவையும் எடப்பாடிச் செய்திகள்தாம். அவற்றைச் சுமக்கத் தாலுகா நிருபரும், உள்ளூரில் யூடியூப் சேனல் நடத்தும் ஒன்றிரண்டு இளைஞர்களும்தான் இருக்கிறார்கள். அந்த இளைஞர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு குடிநீர் வராத தெருவுக்குப் போய் நிற்கும்போது, வாசலில் நின்று சேதி சொன்ன பழைய மனிதரின் வாரிசுகளாகத்தான் தெரிகிறார்கள்.

செய்திக்கு அன்று ஒரு வேளை இருந்தது. காலை 7.15 மணிக்கு டெல்லியிலிருந்து ஆகாசவாணி தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயண்சுவாமியின் குரல் எழுந்தால் வீட்டில் பாத்திரம் உருட்டும் சத்தம் கூட அடங்கும். பத்து நிமிடம். பிறகு ரேடியோவை அணைத்துவிட்டு அவரவர் தறிக்குப் போவார்கள். சந்தி வேளையில் விளக்கேற்றுவதைப் போல, செய்தி கேட்பதும் நாளின் ஒழுங்கில் ஓர் இடத்தில் இருந்தது. கேட்ட பத்து நிமிடச் செய்தியை நாளெல்லாம் மனதில் வைத்துப் புரட்டிப் பார்க்க நேரம் இருந்தது. இன்று செய்திக்கு வேளை இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலை சரிந்த பிறகு, தறிப்பட்டறையில் நிற்பவரின் சட்டைப் பையிலும் அது இருபத்து நான்கு மணி நேரமும் துடிக்கிறது.

டீக்கடைப் பேப்பரும் நினைவுக்கு வருகிறது. ஒரு தினத்தந்தியை நான்காகப் பிரித்து நாலு பேர் படிப்பார்கள். எழுத்துத் தெரியாதவருக்காக ஒருவர் உரக்கப் படிப்பார். படித்ததை மறுத்துப் பேச ஒருவர் இருப்பார். "இது அப்படி இருக்காதுங்க, எங்க மச்சான் அந்த ஊர்தான்" என்று பெஞ்சின் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தால், அச்சில் வந்த செய்திகூட அங்கே ஒரு கணம் நின்று பதில் சொல்ல வேண்டும். அந்த பெஞ்சில் எல்லோருக்கும் இடம் கொடுத்தோமா என்றால், இல்லை. தனிக் குவளையோடு தள்ளி நின்றவர்கள் பல ஊர்களில் இருந்தார்கள். அவர்கள் பேரனின் கையில் இருக்கும் செல்போன் யாரிடமும் இடம் கேட்பதில்லை. அது பெரிய நியாயம். ஆனால் இப்போது ஒரே வீட்டில் நாலு பேர் நாலு திரையைப் பார்க்கிறார்கள், நாலிலும் நாலு உலகம். முன்பு எதைப் பார்த்து நின்றோமோ அதையே திரை மேலும் மேலும் கொண்டுவந்து கொட்டுகிறது. கோபப்பட்டவனுக்குக் கோபம், பயந்தவனுக்குப் பயம். மறுத்துச் சொல்ல பெஞ்சின் கோடியில் ஆள் இல்லை.

சொன்ன சொல்லோடு கூடவே நின்றவர்களும் இந்தச் சமவெளியில் உண்டு. இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில், 1925 பிப்ரவரி 6 அன்று ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர் நூற்பு, மருத்துவம், தீண்டாமை ஒழிப்பு எல்லாம் அங்கே நடந்தன. 1929-இல் அங்கிருந்து 'விமோசனம்' என்று ஒரு மாத இதழ் வந்தது. மதுவிலக்கைத் தவிர வேறு பேச்சே இல்லாத இதழ். திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் வேலை பார்த்துவிட்டு ஆசிரமத்துக்கு வந்திருந்த கல்கி கிருஷ்ணமூர்த்திதான் ராஜாஜிக்குத் துணை. பத்தே இதழ்கள் வந்தன, அதோடு நின்றுபோனது. இன்றைய கணக்கில் அது தோல்வி. ஆனால் 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்த மாவட்டம் சேலம். பத்து இதழ்கள்தாம் அதைக் கொண்டுவந்தன என்று நான் சொல்லமாட்டேன். ஒரு சொல்லை விதைத்தவர்கள் அது முளைக்கும்வரை அதன் பக்கத்திலேயே இருந்தார்கள், சொன்னதற்குத் தங்கள் வாழ்க்கையால் பொறுப்பேற்றார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கல்கி பிறகு 1941-இல் தன் பெயரிலேயே தொடங்கிய வார இதழ், கொரோனா காலத்தில் அச்சை நிறுத்திக்கொண்டு இணையத்துக்கு நகர்ந்துவிட்டது. தாள் போனாலும் அந்தப் பொறுப்பு கூடவே நகர்ந்தால் எனக்கு வருத்தமில்லை.

ராஜாஜியின் குரு ஸ்தானத்தில் இருந்த காந்தியும் பத்திரிகைக்காரர்தான். 1903-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழியில் வந்தது. டர்பனை அடுத்த ஃபீனிக்ஸ் பண்ணைக்கு அச்சகத்தை மாற்றிய முதல் இரவில் எண்ணெய் எஞ்சின் இயங்க மறுத்தது. இப்படி ஏதாவது நேரலாம் என்று கையால் சுற்றும் பெரிய சக்கரம் ஒன்றை காந்தி முன்பே வாங்கி வைத்திருந்தார். அதைச் சுற்ற நாலு பேர் வேண்டும். அங்கே தூங்கிக்கொண்டிருந்த தச்சர்களை எழுப்பி உதவி கேட்டார்கள். அவர்கள் மனமுவந்து வந்தார்கள், முறைவைத்து விடியவிடியச் சுற்றினார்கள். அந்த நாட்களின் உள்ளத்து உயர்வைப் பற்றி அவர் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கையால் ஒவ்வொரு தாளாகச் சுற்றி எடுக்கும்போது, இது அச்சாகத் தகுதியான சொல்தானா என்ற கேள்வி கைவலியோடு சேர்ந்தே வரும். பின்னாளில் வாரம் தவறாமல் எழுதிய அதே மனிதர் திங்கட்கிழமைகளில் வாய் திறப்பதில்லை. சொல்லை ஆயுதமாக எடுத்தவர் வாரத்தில் ஒரு நாள் அதைக் கீழே வைத்தார். இரண்டும் ஒரே சாதனையின் இரண்டு பக்கம் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

நிற்காமல் ஓடும் சொல் என்ன செய்யும் என்பதை நாம் 2018-இல் பார்த்தோம். குழந்தை கடத்துகிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி வட மாவட்டங்களில் பரவிக்கொண்டிருந்தது. மே 9 அன்று, சென்னையைச் சேர்ந்த, அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா, உறவினர்களோடு காரில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூருக்கு வந்தார். குலதெய்வம் கோயிலுக்குப் போகிற வழி. வழி கேட்க நிறுத்தினார்கள், அங்கே இருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். கூட்டம் சேர்ந்தது. குலதெய்வத்தைக் கும்பிட வந்தவர் அங்கேயே அடித்துக் கொல்லப்பட்டார். கூட்டத்தில் இருந்தவர்களும் குலதெய்வம் உள்ளவர்கள்தாம், பிள்ளை பெற்றவர்கள்தாம். பிள்ளைகள்மேல் இருந்த பாசமே அவர்களைக் கொலைக்குக் கொண்டுபோனது. அதை நினைக்கும்போது யாரையும் திட்ட எனக்கு வாய் வருவதில்லை, துக்கம்தான் வருகிறது.

அவர்களுக்கு அந்த வதந்தி ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருக்காது. ஊர்க் குழுவில் ஒருமுறை, பள்ளிக்கூடக் குழுவில் ஒருமுறை, சொந்தக்காரர் குழுவில் ஒருமுறை. மூன்று இடத்திலிருந்து வந்தால் மனம் மூன்று பேர் பார்த்ததாக எடுத்துக்கொள்ளும். திருவள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் இதைத்தான் எச்சரிக்கிறார். ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆள வேண்டும், அப்படி அறியாத மூவர் சொல்லும் ஒத்திருந்தால் அதை நம்பலாம் என்பது அவர் வைத்த விதி. ஒருவரை ஒருவர் அறியாமல் என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஒரே வாயிலிருந்து கிளம்பி முப்பது குழு சுற்றி வந்தாலும் அது ஒரு வாய்தான். முப்பது சாட்சி என்று மயங்குவது நம் பலவீனம். செய்தித் தொழிலில் இன்றும் நல்ல ஆசிரியர்கள் கேட்கும் கேள்வி இதுவே: இதை நேரில் பார்த்தவர் யார், அவரைத் தெரியாத இன்னொருவர் சொன்னாரா?

அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு சேதியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த சேதிகளை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று உலகம் முழுக்க இறுக்கியது. சில வாரங்களில் அப்படிப்பட்ட சேதிகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்தது என்று அந்த நிறுவனமே சொன்னது. யோசித்துப் பார்த்தால் இது நெஞ்சைத் தொடும் செய்தி. யாரையும் தடுக்கவில்லை, தண்டிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் விரலை மறுபடி வைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சின்னத் தாமதத்திலேயே பத்தில் ஏழு நின்றுவிட்டது. மனிதர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருந்தால் மறுபடி விரல் வைத்திருப்பார்கள். பெரும்பாலோரிடம் கெட்ட எண்ணம் இல்லை, நிற்பதற்கு ஓர் இடம்தான் இல்லாமல் இருந்தது.

எடப்பாடித் தறிப்பட்டறைக்குள் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒருவர் ஐந்தாறு தறிகளைப் பார்த்துக்கொள்வார். நாடாவில் ஊடை நூல் அறுந்தால் சாதாரண விசைத்தறிகூடத் தானே நின்றுவிடும். அதற்கென்று ஒரு சின்ன முள் அமைப்பு அதில் இருக்கிறது. ஆனால் பாவு இழை அறுந்தால் தறிக்குத் தெரியாது. ஓடிக்கொண்டே இருக்கும், துணியில் கோடு விழுந்துகொண்டே போகும். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்ததை அந்தக் காது செவிடாகும் சத்தத்தின் நடுவே அவர் கண்தான் பிடிக்க வேண்டும். தறியை நிறுத்துவார். அறுந்த முனையைத் தேடி எடுத்து, துண்டு நூல் சேர்த்து முடிச்சுப் போட்டு, விழுதுக் கண்ணில் நுழைத்து, பன்னையில் இழுத்து, மறுபடி ஓட்டுவார். அவர் முகத்தில் அந்த நேரத்தில் வரும் அமைதியைக் கோயிலில்கூட எப்போதாவதுதான் பார்க்கிறோம். வாட்ஸ்அப் வைத்த எல்லை அந்த முள்ளைப் போன்றது. மற்றதற்குக் கண் வேண்டும்.

சைவ சித்தாந்தம் ஞானத்துக்கு நான்கு படி சொல்கிறது: கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடுதல். குருவின் வாக்கையே கேட்டவுடன் பிடித்துக்கொள் என்று சொல்லவில்லை. கேள், சிந்தி, சந்தேகம் நீங்கித் தெளி, பிறகு அதில் நில் என்றது. உபதேசத்துக்கே இவ்வளவு நிதானம் கேட்ட மரபில் வந்த நாம், யார் எழுதியது என்றே தெரியாத ஒரு பத்தியைக் கேட்டலிலிருந்து நேராகப் பரப்புதலுக்குக் கொண்டுபோகிறோம். நடுவில் இரண்டு படியைக் காணோம். அந்த இரண்டு படியும்தான் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் உதவி ஆசிரியரின் மேசையாக, டீக்கடையில் பெஞ்சின் கோடிக் குரலாக வெளியே இருந்தன. வெளியே இருந்தவை மெலிந்துவிட்டன. ஆகவே உள்ளே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. முன்பு யாருக்கும் நேராத அவசியம் இது. கண்ணால் கண்டால் நம்பலாம் என்ற கடைசிப் பிடிமானமும் தளர்ந்துகொண்டிருக்கிறது. 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில், 2018-இல் மறைந்த கருணாநிதி திரையில் தோன்றிப் பேசினார். செயற்கை நுண்ணறிவால் செய்தது என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது. பார்க்கிறவருக்குத் தெரியாமல் செய்பவர்கள் கையிலும் அதே கருவி இருக்கிறது.

அப்படியானால் செய்தியை விட்டு விலகிவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். பேப்பரும் வேண்டாம், டிவியும் வேண்டாம், மனம் நிம்மதியாக இருக்கிறது என்று சொல்லும் நல்லவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அடுத்த தெருவின் துன்பம் தெரியாமல் வருகிற நிம்மதி ஆண்டவன் கொடுத்த நிம்மதியாக எனக்குத் தோன்றவில்லை. தாயுமானவருக்கு மௌனகுரு கொடுத்த உபதேசம் சும்மா இருப்பது. அவரோ அந்த மௌனத்திலிருந்து எல்லா உயிரும் இன்புற்றிருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடுதான் வெளியே வந்தார். மௌனம் அவருக்கு உலகத்தை மூடவில்லை.

எடப்பாடிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய பாக்கியம் இருக்கிறது. தைப்பூசம் முடிந்த பிறகு எடப்பாடிக் காவடி பழநிக்குப் போய்ச் சேரும். பாதயாத்திரையாகவே போவார்கள். பருவதராஜகுலக் காவடிக் குழுவினர் மலைமேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்வார்கள். வாழைப்பழமும் சர்க்கரையும் பேரீச்சையும் நெய்யும் தேனுமாக அத்தனை கைகள் சேர்ந்து பிசைந்து ஆண்டவனுக்குப் படைப்பார்கள். மற்ற பக்தர்கள் எல்லோரும் இறங்கிவிட, அன்றிரவு அவர்கள் மட்டும் மலைக்கோயிலில் தங்குவார்கள். வேறு யாருக்கும் இல்லாத உரிமை, முன்னூறு ஆண்டுக்கும் மேலான வழக்கம் என்று சொல்கிறார்கள். அதே மலையில் 2023 அக்டோபர் 1 முதல் செல்போனுக்கு அனுமதி இல்லை. கோயில்களில் செல்போனைத் தடை செய்யச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவைத் தொடர்ந்து வந்த ஏற்பாடு அது. அடிவாரத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

கை வெறுமையாகப் படியேறும்போது முதலில் ஒரு பதைப்பு வரும். வீட்டில் என்ன ஆச்சோ, ஊரில் என்ன நடக்கிறதோ என்று விரல் தானாகச் சட்டைப் பையைத் தடவும். கொஞ்ச தூரம் ஏறிய பிறகு அது அடங்கும். எனக்குத் தெரியாமலே உலகம் நடக்கிறது, நடத்துகிறவன் நடத்துகிறான் என்பது அப்போது நம்பிக்கையாக இல்லாமல் அனுபவமாகவே தெரியும். இந்த அனுபவத்தைக் கொஞ்சம் கையோடு கொண்டு இறங்குகிறவர், கீழே வந்து செய்தியைத் திறக்கும்போது வேறு மனிதராக இருப்பார். எல்லாவற்றையும் உடனே அறிந்தாக வேண்டும் என்ற தாகம் அவரிடம் குறைந்திருக்கும். எதை அறிகிறாரோ அதன் முன் கொஞ்ச நேரம் நிற்கத் தெரிந்திருக்கும். வீட்டில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு மட்டும் போனை அலமாரியில் வைத்தாலும் இந்தப் பழக்கம் வரும். அதற்கு மலை வேண்டியதில்லை.

நிற்பதோடு போய்ப் பார்ப்பதும் வேண்டும். 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளைத் தாக்குகிறார்கள், கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறெங்கோ வேறெப்போதோ நடந்த சண்டைக் காட்சிகள் அவை. அச்சு ஏடுகள் சிலவும் விசாரிக்காமல் அதைச் சுமந்தன. கொங்குப் பகுதி மில்களிலும் பட்டறைகளிலும் வேலை செய்த பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து அழுகையோடு போன் வந்தது, உடனே கிளம்பி வா என்று. ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்கள் போகும் நேரம் வேறு. ரயில் நிலையக் கூட்டத்தைக் காட்டி, பயந்து ஓடுகிறார்கள் என்று இன்னொரு வதந்தி. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு, இவை பொய் என்று வீடியோவில் விளக்கினார். தமிழக அதிகாரிகள் தொழிலாளிகளிடம் போய் இந்தியில் பேசினார்கள். பீகார் அரசு நால்வர் குழு ஒன்றை இங்கே அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் போனார்கள். தொழிலாளிகள் தங்கியிருந்த இடங்களில் உட்கார்ந்து, அவர்கள் மொழியிலேயே, "உன்னை யாராவது அடித்தார்களா? அடித்ததை நீ பார்த்தாயா? யார் சொல்லிக் கேட்டாய்?" என்ற வகையில் விசாரித்தார்கள். முகம் பார்த்துக் கேட்டதைக் கொண்டுபோய்த் தங்கள் ஊரில் சொன்னார்கள். பட்டறைகளில் சில பையன்கள் தாயாரை வீடியோவில் அழைத்து, செல்போனைத் திருப்பி, ஓடுகிற இயந்திரத்தையும் பக்கத்தில் நிற்கும் தமிழ்க் கூட்டாளியையும் காட்டினார்கள். பொய்யைக் கொண்டுவந்த அதே கருவி அன்று நிஜத்தையும் கொண்டுபோனது. ஹோலி முடிந்ததும் ஊருக்குப் போயிருந்தவர்கள் மறுபடி ரயிலேறி வேலைக்கு வந்தார்கள்.